‘ம்’ இருந்த இடங்கள்

எங்கள் பக்கத்தில் யாராவது கண்ணை மூடினால், அந்தச் செய்தியோடு என் குரல்தான் முதலில் வீடுகளுக்கிடையே போகும் ஒழுங்கைக்குள் வரும். மானிப்பாயில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை ஒன்று இருக்கிறது. செத்தவீட்டுக்காரர் அங்கே விபரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்கள். நான் பின்னறையில் இருந்து வாசித்துப் பதிந்து கொடுப்பேன். ஓட்டோவின் தலையில் கட்டிய ஸ்பீக்கரில் அது அரைநாள் ஊர் சுற்றும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கி, உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் என்று முடியும். பள்ளிக்கூடக் கந்தோரில் எழுதுவினைஞர் வேலையைப் பார்த்துக்கொண்டே பல வருடமாக இதையும் செய்கிறேன்.

குரலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைக்கவில்லை. சந்தையில் நின்று நான் விலை கேட்டால் முன்னால் நிற்கிறவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார். மீன் விற்கிற அம்மா ஒருவர், “ஐயா, நீங்கள் விலை கேட்டால் மீன் ரெண்டாந்தரம் சாகுது” என்றார். அதையும் நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அக்கா நோர்வேயில் இருக்கிறார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அத்தான் தவறிப் பல காலம், ஒரே மகன். போன வருடம் அக்காவின் வயிற்றில் ஒரு கட்டி கண்டுபிடித்து வெட்டி எடுத்தார்கள். அதன்பிறகு இரண்டு கிழமைக்கு ஒரு புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய், சாய்கதிரையில் மூன்று மணித்தியாலம் மருந்து ஏற்றிக்கொண்டு கிடக்கவேண்டும். மகன் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுவான். அந்த மூன்று மணித்தியாலமும் அக்கா தனியே.

ஒருநாள் அக்கா போனில் சொன்னார். “தம்பி, போனிலை கதைச்சால் நான் திருப்பிக் கதைக்கவேணும். அதுக்கு இப்ப எனக்குச் சீவன் இல்லை. பாட்டுக் கேட்டால் வயித்தைப் பிரட்டிச் சத்தி வருது. புத்தகம் பிடிக்கக் கை நோகுது. நீ உன்ரை பாட்டிலை கதைச்சு அனுப்பு. நான் என்ரை பாட்டிலை கிடந்து கேக்கிறன்.”

“என்னத்தை அக்கா கதைக்கிறது?”

“ஏதாவது ஒரு றோட்டாலை கூட்டிக்கொண்டு போ. மெதுவாப் போ. பழங்கதை ஒண்டும் வேண்டாம். இப்ப என்ன நிக்குது, என்ன கிடக்குது எண்டு சொல்லு. அது காணும்.”

நாற்பது வருடத்தில் அக்கா என்னிடம் கேட்ட முதல் உதவி அது. எனக்குச் சட்டை வாங்கி அனுப்பியதும், பிள்ளைகளுக்குப் புத்தகம் அனுப்பியதும் அக்காதான். நான் அவருக்கு என்ன செய்தேன் என்று யோசித்தால், விமான நிலையத்துக்குப் பெட்டி தூக்கியதுதான் ஞாபகம் வருகிறது.

“மாமா, இதுக்குப் பேர் பொட்காஸ்ட்” என்று அக்காவின் மகன், என் மருமகன், சொன்னான். லீவில் ஊருக்கு வந்த ஒருவரிடம் மைக் ஒன்றைக் கொடுத்தனுப்பினான். இணையத்தில் எனக்கென்று ஒரு சனலும் திறந்துவிட்டான். அக்கா மட்டும் கேட்டால் போதாதா என்றேன். “ஆரும் கேக்கட்டும் மாமா. அம்மாவைப் போல எத்தினை பேர் கதிரையிலை கிடக்கினம்” என்றான். அது சரியாகவே பட்டது. பிறகு ஒரு புத்தியும் சொன்னான். “எழுதி வைச்சு வாசியுங்கோ, இல்லாட்டித் தடுமாறுவியள். ஆனால் வாசிக்கிற மாதிரி இருக்கக்கூடாது.” சீனி போட்டுக் குடி, ஆனால் இனிக்கக்கூடாது என்பதுபோல் இருந்தது. நான் வாசித்த வாசிப்புக்கு எனக்கே ஒரு பொடியன் புத்தி சொல்கிறானே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மானிப்பாயிலிருந்து வட்டுக்கோட்டைக்குப் போகும் றோட்டைத் தேர்ந்தெடுத்தேன். நான்கு பக்கம் எழுதினேன், நல்ல தமிழில். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊர் அடங்கிக் கிடக்கும் நேரத்தில் அறையைச் சாத்தி, யன்னலுக்கு மெத்தையைச் சாய்த்து, ஃபானை நிறுத்தி, வேர்வை ஒழுக வாசித்து முடித்தேன். வாசித்ததை நல்ல சத்தத்தில் கேட்கவேண்டும் என்று ஆசை வந்தது. கடை ஸ்பீக்கர் ஒன்று வீட்டில் கிடந்தது. அதை முற்றத்தில் வைத்துப் போட்டேன்.

இரண்டு நிமிடம் போயிருக்காது. அடுத்த வீட்டுக்காரர் தோளில் துவாயோடு படலையைத் திறந்துகொண்டு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

“அண்ணை, ஆர் மோசம் போனது?”

அப்போதுதான் என் காதிலும் ஏறியது. மானிப்பாயைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட நான் என்று என்னை அறிமுகப்படுத்தி, வட்டுக்கோட்டை வீதியூடாக அழைத்துச் சென்று, இவ்வழைப்பை அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் என்று சொல்லியிருக்கிறேன். கை தன் பழக்கத்துக்கு எழுதிவிட்டது, வாயும் தன் பழக்கத்துக்கு வாசித்துவிட்டது. அடுத்த வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனாலும் குரல் கணீரென்று வந்திருந்தது. இவருக்கு என்ன தெரியும் என்று அதை அப்படியே அனுப்பிவிட்டேன். என் மண்டைக்கனத்தை என்ன சொல்ல.

புதன்கிழமை மருமகன் எழுதினான், அம்மா இரண்டு நிமிடத்தில் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டா என்று. அடுத்தநாள் அக்காவே குரல் அனுப்பினார், மெல்லிய குரலில். “தம்பி, கோவிக்காதை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டனான். என்ரை அறிவித்தல் ஓட்டோவிலை வாற மாதிரிக் கிடந்தது. இனி அனுப்பாதை, என்ன.”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, அக்காமேலும், மைக் அனுப்பியவன்மேலும். பின்னேரம் வெட்கம் வந்தது. அடுத்தநாள் விடிய எழும்பியபோது பயம் வந்தது. நான் ஒருவருக்கும் சொல்லாத ஒன்று இருந்தது. அக்காவுக்கு இந்த வருத்தம் வந்தது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, கடைப் பின்னறையில் நான் வாசிக்கும் ஒவ்வொரு தாளிலும் பெயர் வரும் இடத்தில் ஒரு கணம் அக்காவின் பெயர் வந்து நின்றுவிட்டுப் போகும். அதைத் தள்ளிவிட்டுத்தான் மற்றப் பெயரை வாசிப்பேன். நோர்வேயில் இருந்துகொண்டு, காதில் மாட்டிய இரண்டு நிமிடத்தில் அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டார். இந்தக் குரல் மாறாவிட்டால் அந்தக் கதிரையில் அக்கா தனியேதான் கிடப்பார். எனக்கு வேறு குரல் இருந்ததா என்பதே எனக்குத் தெரியவில்லை.

மருந்து ஏற்றும் அடுத்த புதனுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நான் கதைப்பதுபோலவே எழுதிப் பார்த்தேன். ‘போறன்’, ‘கிடக்குது’, ‘எண்டு’ என்று பேனாவால் எழுதுவதற்குக் கூச்சமாக இருந்தது, வீட்டில் கட்டும் சாரத்தோடு கந்தோருக்குப் போய் இருந்ததுபோல. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். ஆனால் வாசிக்கத் தொடங்கியதும் அந்தச் சொற்களும் நிமிர்ந்து நின்றுகொண்டன. ‘நாய் கிடக்குது’ என்று நான் வாசித்ததைக் கேட்டால் அந்த நாய்க்கு அன்று பின்னேரம் தகனம் என்று தோன்றும்.

சரி என்று தாளைத் தூக்கி வைத்துவிட்டு, மைக்கைப் பார்த்துச் சும்மா கதைத்தேன். அது இன்னும் மோசம். போட்டுக் கேட்டபோது மூன்று வசனத்துக்கு ஒருதரம், “கேக்குதோ?” என்று நான் கேட்பது கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. “கேக்குதோ? இருக்கிறியளோ?” என்று திரும்பவும் கேட்கிறேன். லைன் அறுந்துபோன போனோடு கதைக்கிறவன்போல இருந்தது.

அதை மனைவியும் கேட்டுக்கொண்டு நின்றாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. “‘ம்’ கொட்ட ஆளில்லாமல் ஆர் கதைக்கிறது? நான் இருக்கிறன், கதையுங்கோ” என்றாள்.

அவள் சொன்னது எனக்கு அப்படியே உறைத்தது. எங்கள் ஊரில் ஒருவர் கதைத்தால் மற்றவர் சும்மா இருப்பதில்லை. ‘ம்’ என்பார், ‘ஓம்’ என்பார், ‘பிறகு?’ என்பார். அது ஒரு கணம் வராவிட்டால் கதைக்கிறவர் நின்றுவிடுவார். ‘ம்’ இல்லாமல் நான் கதைத்துப் பழகியது ஒரே ஒன்றுதான், மரண அறிவித்தல். அதற்கு ஒருவரும் ‘ம்’ கொட்டுவதில்லை. கேட்டவுடன் கையில் இருப்பதை வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பார்கள்.

மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். “சும்மா கையைக் கட்டிக்கொண்டு இருக்க என்னாலை ஏலாது. மரக்கறி வெட்டினால் சத்தம் வரும். முருங்கையிலை உருவுறன்.”

அந்தப் பின்னேரம் இப்போதும் எனக்கு ஒரு கனவுபோலத்தான் இருக்கிறது. வெளியே மழை தூறியும் தூறாமலும் இருந்தது. யன்னலை மெத்தை மறைத்ததால் அறைக்குள் வெளிச்சம் கலங்கின தண்ணீர் நிறத்தில் நின்றது. மனைவி நிலத்தில் சுவரோடு சாய்ந்து, மடியில் சுளகை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஈர்க்காக எடுத்து இலை உருவினாள். முருங்கையிலையின் பச்சை மணம் அறை முழுக்க. என் கையில் பழைய உறை ஒன்றின் பின்பக்கத்தில் ஒன்பது சொற்கள் மட்டும் இருந்தன. படலை, நாய், போன் கடை, வயல் என்று றோட்டில் வருகிற ஒழுங்கில். வசனம் ஒன்றும் எழுதவில்லை.

“படலையைத் திறந்தாச்சு” என்று தொடங்கினேன்.

“ம்.”

“ஒழுங்கை மூலையிலை அந்த மண்ணிறப் பெட்டை நாய் கிடக்கு. எழும்பேல்லை. எழும்பாது, என்னைக் கண்டால் அதுக்கு ஒரு மதிப்பும் இல்லை.”

“ம்ம்.”

“சைக்கிளிலை ஏறி மெயின் றோட்டுக்கு வந்திட்டன். போன் கடைக் கண்ணாடிக்குள்ளை ஒரு பெடிச்சி இருந்து கொட்டாவி விடுறாள். அதைப் பாத்து எனக்கும் வருது.”

மனைவி கொட்டாவி விட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நிறுத்தவில்லை. சிரிப்போடேயே சைக்கிள் போனது. ஆஸ்பத்திரி மதிலடியில் தோடம்பழம் விற்கிறவர் குடையைச் சரிசெய்துகொண்டு நின்றார். பஸ் ஒன்று என்னைக் கடந்து போய், அடுத்த தரிப்பில் நின்று, நான் அதைக் கடந்து, திரும்பவும் அது என்னைக் கடந்தது. வீடுகள் குறைந்துகொண்டு வந்தன. “மழை விட்டிருக்கு. வயலுக்குள்ளை தண்ணி நிக்குது. தண்ணிக்குள்ளை பனைமரம் தலைகீழா நிக்குது. ஒரு கொக்கு ஒத்தைக் காலிலை நிண்டுகொண்டு என்னைப் பாக்குது. நானும் பாக்கிறன். அவசரம் ஒண்டும் இல்லை.”

“ம்.”

எந்த இடத்தில் மைக் இருப்பதை மறந்தேன் என்று தெரியாது. முதலில் மனைவிக்குச் சொன்னேன். பிறகு மனைவியின் முகம் அக்காவின் முகமானது. பிறகு ஒருவரும் இல்லை, வெள்ளைச் சுவரில் றோட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒருமுறை குனிந்து பார்த்தேன். மனைவியின் கண் செருகி, கை சுளகில் அப்படியே கிடந்தது. ஆனாலும் நான் மூச்சு வாங்கும் இடமெல்லாம் ‘ம்’ வந்துகொண்டுதான் இருந்தது, நித்திரைக்குள்ளிருந்து. வட்டுக்கோட்டையில் பழைய கல்லூரி மதிலடிக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது.

அன்றிரவு சாப்பிட்டு முடிய இருந்து போட்டுக் கேட்டேன். அது யாரோ ஒரு சாதாரண மனிதனின் குரல். கொஞ்சம் மூக்கால் கதைக்கிறான். அவனை எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் தனி ஆள் கதைக்கிற நிகழ்ச்சிக்குள் இன்னொருவர் ‘ம்’ கொட்டுவது சரியில்லையே என்று பட்டது. போன் திரையில் குரல் மேடும் பள்ளமுமான கோடாகத் தெரியும். மனைவியின் ‘ம்’ ஒவ்வொன்றும் எறும்புப் புற்று அளவில் சின்ன மேடு. இருந்து ஒவ்வொன்றாகத் தேடி அழித்தேன். அழித்த இடம் வெறுமையாக நின்றது. அந்த வெறுமையை இழுத்து ஒட்ட எனக்குத் தெரியவில்லை. மருமகனுக்கு அனுப்பினேன்.

“மாமா, கதை நல்லாயிருக்கு. ஆனால் இடைக்கிடை ஒண்டுமே கேக்கேல்லை. ஆக்கள் அறுந்துபோச்சு எண்டு நினைப்பினம். நான் ஒட்டி விடட்டோ?”

“கிடக்கட்டும்” என்றேன், களைத்துப்போய். “ஆனால் அம்மாவிட்டைச் சொல்லிப்போட்டு விடு. கேக்கிறதும் விடுறதும் அவவின்ரை விருப்பம். நான் வற்புறுத்தினனான் எண்டு வேண்டாம்.”

புதன்கிழமை வந்தது. அவர்களுக்குக் காலை பத்து மணி எங்களுக்குப் பின்னேரம். கந்தோரில் ஒரு கடிதத்தை மூன்றுதரம் பிழையாக அடித்தேன். செய்தி ஒன்றும் வரவில்லை. வியாழனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை கடையில் ஓர் ஓய்வுபெற்ற தபாற்காரருக்கு அறிவித்தல் வாசித்தேன். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “என்ன அண்ணை, கதைக்கிற மாதிரிக் கிடக்கு? திருப்பி வாசியுங்கோ.” திருப்பி வாசித்தேன். பழைய குரலைத் தேடி எடுக்கவேண்டி இருந்தது. அக்காவுக்காக இதை ஒருநாளும் வாசிக்கமாட்டேன், யார் வந்து கேட்டாலும் மாட்டேன் என்று அன்று வீட்டுக்கு வரும் வழியில் முடிவெடுத்தேன்.

சனி பின்னேரம் மருமகனிடமிருந்து ஒரு குரல்பதிவும் அதோடு ஒரு குறிப்பும் வந்தன. “மாமா, அம்மா மருந்து ஏறேக்கை தன்ரை போனிலை பதிஞ்சவவாம். உங்களுக்கு அனுப்பட்டாம். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.”

போட்டேன். ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு மெசின் ‘டிக் டிக்’ என்றது. யாரோ நடந்து போனார்கள். தூரத்தில் நோர்வே மொழியில் ஒரு பெண் ஏதோ சொன்னாள். பிறகு மிகக் கிட்டத்தில், அக்காவின் குரலில், “ம்.”

நோவில் முனகுகிறார் என்று நினைத்தேன். மறுபடியும் அமைதி. மறுபடியும் “ம்.” நிறுத்தக் கை போனது. சுளகோடு நிலத்தில் இருந்த மனைவி தடுத்தாள். “இஞ்சேருங்கோ, உங்கடை கதையையும் சேர்த்துப் போடுங்கோ.”

அவளுடைய போனில் என் கதை, என் போனில் அக்கா. இரண்டையும் ஒன்றாகத் தொடக்கச் சரிவரவில்லை, மூன்றுதரம் முன்பின்னாகப் போனது. நான்காந்தரம் பொருந்தியது.

“படலையைத் திறந்தாச்சு” என்றேன் நான்.

“ம்” என்றார் அக்கா.

மனைவியின் ‘ம்’ இருந்த ஒவ்வொரு இடத்திலும், நான் அழித்துவிட்டு ஒட்டத் தெரியாமல் விட்ட ஒவ்வொரு பள்ளத்திலும், அக்கா இருந்தார். நாய்க்குச் சிரித்தார். போன் கடைப் பெடிச்சிக்குக் கொட்டாவி விட்டார். பஸ் இரண்டாந்தரம் என்னைக் கடந்தபோது, “விடு, போகட்டும்” என்றார். வயல் தொடங்கும் இடத்தில் கிணறு வலக்கைப் பக்கம் என்று நான் சொல்ல, “இடக்கை” என்றார். பிறகு போய்ப் பார்த்தேன், இடக்கைதான். கொக்கு வந்த இடத்தில் நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்டது. திருப்பிக் கதைக்கச் சீவன் இல்லை என்று சொன்ன அக்கா, பதினெட்டு நிமிடமும் என்னோடு வந்திருக்கிறார். நான் அழுதேன். மறைக்க முகத்தைத் திருப்பவும் இல்லை.

கதை முடிகிற இடம் வந்தது. “அவ்வளவுதான் அக்கா. சைக்கிளை மதிலோடை சாத்திப்போட்டு நிக்கிறன்” என்று என் குரல் நின்றது. மனைவியின் போன் ஓய்ந்தது. என் போனில் மெசின் மட்டும் ‘டிக் டிக்’ என்று போய்க்கொண்டிருந்தது. அக்காவின் பதிவு இன்னும் முடியவில்லை. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

“பிறகு?” என்றார் அக்கா.

அதோடு பதிவு முடிந்தது. மனைவி முருங்கை ஈர்க்கு ஒன்றைக் கையில் எடுத்தாள்.

“அக்கா கேக்கிறா. சொல்லுங்கோவன்” என்றாள்.

மைக் அலுமாரிக்குள் இருந்தது. எடுக்க எழும்பவில்லை. “பிறகென்ன அக்கா,” என்றேன் சுவரைப் பார்த்து, “வரேக்கை கிணத்தடியிலை இறங்கித் தண்ணி குடிச்சனான்.”

“ம்” என்றாள் மனைவி.